எந்த ஊரில் படிப்பது? மருத்துவபீட வாசல்களின் கதை

அபிட்டூர் பெறுபேறு கைக்கு வந்த வாரத்தில் நம்முடைய வீடுகளில் கேட்கப்படும் முதற் கேள்வி, "எத்தனை?" என்பது. அடுத்த கேள்வி, "மெடிசினுக்கு எங்கே போடப்போகிறாய்?" என்பது. ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்திலும் இதே பேச்சுத்தான். ஹைடல்பேர்க், மியூனிக், பேர்லின் ஷரிட்டே என்று இரண்டு மூன்று பெயர்களே நம் வாயில் வரும். கிறைஃப்ஸ்வால்ட் என்றோ மாக்டபேர்க் என்றோ ஒரு பிள்ளை சொன்னால், "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்போம். கேட்கும் தொனியிலேயே பிள்ளையின் முகம் வாடிவிடும்.

எங்கே விண்ணப்பிப்பது என்பது இன்று கணினித் திரையில் நிரப்பும் ஒரு பட்டியல். ஆனால் யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்று அரசுகளும் பல்கலைக்கழகங்களும் நீதிமன்றங்களும் மாறிமாறி எழுதிய நீண்ட வரலாறு அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த வரலாற்றின் ஒரு பகுதி நம் பெற்றோர் பிறந்த மண்ணிலும், மறு பகுதி நாம் வாழும் இந்த நாட்டிலும் நடந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பட்டியலை வேறு மனதோடு நிரப்ப முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

மானிப்பாயிலிருந்து பேராதனை வரை

யாழ்ப்பாணத்தில் மேலைத்தேய மருத்துவக் கல்வி ஒரு மிஷன் வீட்டில் தொடங்கியது என்பதை நம் திருச்சபைகளில் மூத்தவர்கள் அறிவார்கள். அமெரிக்க இலங்கை மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் வந்தார். 1848 முதல் மானிப்பாயில் நோயாளிகளைப் பார்த்ததோடு இளைஞர்களுக்கு மருத்துவமும் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களில் தமிழுக்கு மாறினார். உடற்கூறு, அறுவை மருத்துவம், பிரசவ மருத்துவம் என்று ஆயிரக்கணக்கான பக்கங்கள் அவருடைய முயற்சியால் தமிழில் வந்தன. படித்தவர்கள் ஊரைவிட்டுப் போகாமல் ஊரிலேயே வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதே தமிழைத் தெரிந்தெடுத்ததற்கு அவர் கொண்ட காரணம். அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் வைத்தியர்கள் அவரிடம் பயின்றார்கள். எங்கே படித்தாய் என்பதைவிட எங்கே, யாருக்காக வேலை செய்யப்போகிறாய் என்பதே அங்கே முதற் கேள்வியாக இருந்தது.

பிறகு காலம் மாறியது. 1870இல் கொழும்பில் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அரச வேலையும் ஆங்கிலமும் சேர்ந்துகொண்டன. மிஷன் பாடசாலைகளில் படித்த யாழ்ப்பாணப் பிள்ளைகளுக்கு மருத்துவம் ஏறக்கூடிய ஏணி ஆயிற்று. விளைநிலம் குறைந்த குடாநாட்டில் படிப்புத்தான் முதுசம். 1962இல் பேராதனையிலும் ஒரு மருத்துவபீடம் வந்தது. அக்காலத்து மாணவருக்கு விண்ணப்பப் பட்டியல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கொழும்பு, பேராதனை, அவ்வளவுதான். பரீட்சையில் எடுக்கும் புள்ளிதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

1971இல் அந்தப் புள்ளியின் பெறுமதி மாறியது. தரப்படுத்தல் என்ற பெயரில், எந்த மொழியில் பரீட்சை எழுதினார் என்பதைப் பொறுத்து வெட்டுப்புள்ளி வேறாயிற்று. மருத்துவத்துக்கு நுழைய, நான்கு பாடங்களில் மொத்தம் 400 புள்ளிகளுக்கு, சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 போதும் என்றும் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும் என்றும் நின்றது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தது. நேர்மையாகச் சொன்னால், மாவட்ட ஒதுக்கீட்டினால் வசதி குறைந்த மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மாணவர் சிலர் பயன்பெற்றதும் உண்மை. ஆனால் மொழியைப் பார்த்துப் போட்ட அந்த 21 புள்ளி இடைவெளி, ஒரு தலைமுறையின் மனதில் ஆறாத காயமாக நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் 1978இல் தொடங்கியபோது அதனால் இழந்தவர்களின் வயது கடந்துவிட்டிருந்தது. பிறகு 1983 வந்தது. ஊரை விட்டுப் புறப்பட்டவர்களில் பலர் இந்த நாட்டில் அகதிகளாக வந்து இறங்கினார்கள்.

அந்தத் தலைமுறைதான் இன்று நம் சபைகளில் அப்பப்பாவும் அம்மம்மாவும். உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்கள் இங்கே உணவகங்களின் சமையலறைகளில் கோப்பை கழுவினார்கள். "என்ர பிள்ளை டொக்டராக வேணும்" என்று அவர்கள் சொல்லும்போது அதில் பெருமை மட்டும் இல்லை. மூடப்பட்ட ஒரு கதவின் சத்தமும் அதில் கேட்கிறது. இளையோரே, அந்தச் சத்தத்தை நாம் மதிக்க வேண்டும். அதே நேரம், அந்தக் கதவைத் திறக்கும் பொறுப்பு பதினெட்டு வயதுப் பிள்ளை ஒன்றின் தோளில் விழக் கூடாது என்பதையும் பெற்றோர் உணர வேண்டும்.

இந்த நாட்டில் மூடியிருந்த கதவுகள்

ஜேர்மனி தொடக்கத்திலிருந்தே எல்லாருக்கும் வாசலைத் திறந்து வைத்திருந்ததா? இல்லை. இங்கேயும் நீண்ட காலம் பலர் வெளியே நின்றார்கள்.

ஹால்ல நகரை நம் சபைகளில் அறியாதவர் குறைவு. சீகன்பால்க் அங்கே படித்துவிட்டுத்தான் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்த 1715ஆம் ஆண்டிலேயே, ஹால்லவுக்கு அதிக தூரமில்லாத குவெட்லின்பேர்க் என்ற ஊரில் ஒரு வைத்தியரின் மகளாக டொரொத்தேயா பிறந்தார். தகப்பன் மகனுக்கு மருத்துவம் சொல்லிக் கொடுத்தபோது மகளுக்கும் சேர்த்தே சொல்லிக் கொடுத்தார். பெண்கள் பல்கலைக்கழகம் போக முடியாத காலம் அது. 1741இல் பிரஷ்ய அரசர் இரண்டாம் பிரெட்ரிக் அவருக்கு ஹால்லவில் பட்டம் பெறச் சிறப்பு அனுமதி கொடுத்தார்.

ஆனால் டொரொத்தேயா உடனே போகவில்லை. அடுத்த ஆண்டு, ஐந்து பிள்ளைகளோடு மனைவியை இழந்திருந்த எர்க்ஸ்லேபன் என்ற திருச்சபை ஊழியரை மணந்தார். அந்தப் பிள்ளைகளையும் தன் பிள்ளைகளையும் வளர்த்தபடியே ஊர் மக்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1753இல் ஊரின் மூன்று வைத்தியர்கள், "பட்டம் இல்லாதவர் வைத்தியம் செய்கிறார்" என்று முறையிட்டார்கள். டொரொத்தேயா ஆய்வேட்டை எழுதிக்கொண்டு ஹால்லவுக்குப் போய், 1754இல் லத்தீன் மொழியில் தேர்வுக்கு நின்று சித்தியடைந்தார். ஜேர்மனியில் மருத்துவப் பட்டம் பெற்ற முதற் பெண் அவர்தான். அப்போது அவருக்கு வயது 38. இன்று ஹால்ல மருத்துவபீடத்தில் மாணவர் செயல்முறைப் பயிற்சி பெறும் நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பத்தொன்பது வயதில் இடம் கிடைக்கவில்லை என்றால் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று நினைக்கும் பிள்ளைகள் இந்த வயதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அவருக்குப் பிறகும் கதவு திறந்திருக்கவில்லை. நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, ரூகன் தீவில் பிறந்த பிரான்ஸிஸ்கா திபூர்த்தியுஸ் மருத்துவம் படிக்க விரும்பியபோது இந்த நாட்டில் எந்தப் பல்கலைக்கழகமும் பெண்களை மாணவராகச் சேர்க்கவில்லை. 1871இல் அவர் சுவிற்சர்லாந்தின் சூரிச்சுக்குப் போனார். 1876இல் பட்டத்தோடு திரும்பி, தோழி எமிலி லேமுஸ் உடன் பேர்லினில் ஏழைப் பெண்களுக்கு மருத்துவமனை நடத்தினார். இங்கே அந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் இல்லாததால், பெயர்ப்பலகையில் சூரிச்சில் பெற்ற பட்டம் என்று குறிப்பிட வேண்டியிருந்தது. மருத்துவ அரசத் தேர்வுக்குப் பெண்கள் அனுமதிக்கப்பட்டது 1899இல். பாடன் மாநிலம் 1900இலும் பிரஷ்யா 1908இலும் பல்கலைக்கழக வாசலைப் பெண்களுக்குத் திறந்தன.

அதைவிடக் கொடிய கதவு 1933இல் மூடப்பட்டது. நாசி அரசு ஏப்ரல் 25ஆம் நாள் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பள்ளிகளிலும் உயர்கல்வி நிலையங்களிலும் உள்ள நெரிசலைக் குறைப்பதற்கான சட்டம் என்று அதற்குப் பெயர். புதிதாகச் சேர்வோரில் யூதர் 1.5 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதே அதன் உட்பொருள். அதைத் தொடர்ந்து நடந்த பேரழிவுக்கு வேறெதையும் நாம் ஒப்பிடவில்லை, ஒப்பிடவும் கூடாது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்கலாம். வாசலை மூடுபவர்கள் அதற்கு எப்போதும் சாதுவான ஒரு பெயரையே வைக்கிறார்கள். நெரிசல் குறைப்பு என்ற பெயரைக் கேட்டு யாரும் திடுக்கிடுவதில்லை.

போருக்குப் பின் 1949இல் எழுதப்பட்ட இந்த நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் 12ஆவது பிரிவு, தொழிலை மட்டுமல்ல, பயிற்சி பெறும் இடத்தையும் சுதந்திரமாகத் தெரிந்தெடுக்கும் உரிமையைக் கொடுக்கிறது. எந்த ஊரில் படிப்பது என்ற நம் சிறிய கேள்விக்கு அரசியலமைப்பிலேயே ஓர் இடம் உண்டு.

இடம் கிடைக்காதவர்கள் தொடுத்த வழக்குகள்

உரிமை காகிதத்தில் இருந்தது. ஆனால் 1960களின் முடிவில் மாணவர் தொகை பெருகி, மருத்துவபீடங்கள் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தத் தொடங்கின. நூமெருஸ் கிளவுசுஸ் என்ற லத்தீன் சொல், என்.சி. என்று சுருங்கி ஒவ்வொரு வீட்டுக்கும் வந்தது. ஹம்பேர்க்கிலும் பவேரியாவிலும் இடம் கிடைக்காத மாணவர் வழக்குத் தொடுத்தார்கள். 1972 யூலை 18ஆம் நாள் கார்ல்ஸ்ரூவவிலுள்ள கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருக்கும் இடங்கள் முழுவதும் பயன்படுத்தப்பட்ட பிறகே ஒருவரைத் திருப்பி அனுப்பலாம். தெரிவு நியாயமான அளவுகோலின்படி நடக்க வேண்டும். தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வாய்ப்பாவது இருக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. தன் மாநிலத்தவருக்கு மட்டும் சலுகைப் புள்ளி கொடுத்த பவேரியச் சட்டத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆண்டுகளைப் பாருங்கள். இலங்கையில் 1971. கார்ல்ஸ்ரூவவில் 1972. ஓரிடத்தில் ஒரு தலைமுறைக்குக் கதவு மூடிய வேளையில், பத்து ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாகப் பொறுத்து அவர்கள் வந்து சேரப்போகும் இன்னொரு நாட்டில் ஒரு கதவு திறந்துகொண்டிருந்தது. யாரும் அப்போது அதை அறியவில்லை.

தீர்ப்புக்குப் பின் மாநிலங்கள் ஒன்றுகூடி டோர்ட்முண்ட் நகரில் மத்திய இட ஒதுக்கீட்டு அலுவலகத்தை ஏற்படுத்தின. செட்.வி.எஸ். என்று எல்லாராலும் அழைக்கப்பட்ட அந்த அலுவலகம் 1973இல் வேலை தொடங்கியது. நாடு முழுவதற்கும் ஒரே விண்ணப்பம். புள்ளியும் காத்திருந்த காலமும் முக்கிய அளவுகோல்கள். 1986 முதல் 1996 வரை மருத்துவத்துக்கென்று கட்டாயத் தகுதித் தேர்வும் இருந்தது. 2005இல் முறை மாறியது. இடங்களில் 20 வீதம் மிகச் சிறந்த அபிட்டூர் பெற்றவர்களுக்கு, 20 வீதம் நீண்ட காலம் காத்திருந்தவர்களுக்கு, 60 வீதம் பல்கலைக்கழகங்களின் சொந்தத் தெரிவுக்கு என்று பங்கிட்டார்கள்.

அக்காலத்தில் விண்ணப்பித்த அண்ணன் அக்காமாருக்கு நன்றாக நினைவிருக்கும். ஆறு ஊர்களைத்தான் எழுதலாம். அதையும் வரிசைப்படுத்தி எழுத வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் தங்களை முதலிடத்தில் எழுதாதவரின் விண்ணப்பத்தைக் கணக்கில் எடுக்கவே இல்லை. ஆகவே பட்டியல் எழுதுவது ஒரு சூதாட்டம் போல ஆயிற்று. ஹைடல்பேர்க்கை முதலில் போட்டு அங்கே கிடைக்காமற் போனால், வேறோர் ஊரில் நிச்சயம் கிடைத்திருக்கக்கூடிய இடமும் கைநழுவும். நல்ல புள்ளி பெற்றவர் வரிசையைத் தவறாக எழுதியதால் வெளியே நிற்பார். அவரைவிடக் குறைந்த புள்ளி பெற்றவர் சரியாகக் கணித்ததால் உள்ளே போவார். காத்திருப்போர் வரிசையோ 15 அரையாண்டுகள் வரை நீண்டது. மருத்துவப் படிப்பே ஏறக்குறைய ஆறே கால் ஆண்டுதான். அதற்கு இடம் கிடைக்க ஏழரை ஆண்டு காத்திருப்பு!

இந்த முறையும் வழக்கில் முடிந்தது. கெல்சன்கிர்ஷன் நிர்வாக நீதிமன்றம் அனுப்பிய வழக்குகளில் 2017 டிசெம்பர் 19ஆம் நாள் கார்ல்ஸ்ரூவ மீண்டும் தீர்ப்பளித்தது. சிறந்த புள்ளி பெற்றவர்களுக்கான பங்கில், எழுதிய ஊர்களின் வரிசை புள்ளியைவிட முக்கியமாகிவிடக் கூடாது. அந்தப் பங்கில் ஆறு ஊர் என்ற வரம்பும் நியாயமற்றது. காத்திருப்புக்கு எல்லை வேண்டும். புள்ளியை மட்டும் பார்க்காமல் வேறு தகுதிகளையும் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. மாநிலத்துக்கு மாநிலம் அபிட்டூர் புள்ளிகள் வேறுபடுவதால் அவற்றை ஒப்பிடக்கூடியதாக்க வேண்டும் என்றும் சொன்னது.

இந்தக் கடைசி வாக்கியத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். இன்று ஒரு பிள்ளையின் அபிட்டூர் அதே மாநிலத்தின் மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடப்பட்டு, அந்த மாநிலத்துக்குள் எத்தனையாவது நிலையில் நிற்கிறது என்று கணிக்கப்படுகிறது. பார்க்கப்போனால் இதுவும் ஒருவகைத் தரப்படுத்தல்தான். அந்தச் சொல்லைக் கேட்டாலே நம் பெற்றோருக்கு நெஞ்சு எரியும். வேறுபாடு எங்கே இருக்கிறது? இங்கே கணக்கு எல்லாருக்கும் தெரிய வைக்கப்படுகிறது. எந்த இனத்தையும் மொழியையும் அது பார்ப்பதில்லை. தவறு என்று நினைப்பவர் நீதிமன்றம் போகலாம், போய் வென்றும் இருக்கிறார்கள். அளவுகோல் இருப்பது அநியாயம் அல்ல. ஆளைப் பார்த்து அளவுகோலை மாற்றுவதே அநியாயம்.

இன்றைய வாசல்கள்

2020 கோடை அரையாண்டிலிருந்து புதிய முறை நடைமுறையில் இருக்கிறது. காத்திருப்போர் பங்கு இல்லாமற் போய்விட்டது. சில சிறப்புப் பிரிவுகளுக்கு ஒதுக்கியது போக, மீதியில் 30 வீதம் அபிட்டூர் புள்ளிக்கு. 10 வீதம், அபிட்டூர் புள்ளியைப் பாராமல் மற்றத் தகுதிகளை மட்டும் பார்க்கும் பங்கு. 60 வீதம் பல்கலைக்கழகங்களின் தெரிவு. ஹோக்ஷூல்ஸ்டார்ட் என்ற இணையவாசல் வழியாக விண்ணப்பம் போகிறது. ஊர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. விரும்பினால் மருத்துவபீடம் உள்ள எல்லா ஊர்களையும் எழுதலாம்.

இதில் நம் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டியவை சில. இங்கே அபிட்டூர் முடித்தவரின் கையில் இலங்கைக் கடவுச்சீட்டு இருந்தாலும், இடப் பங்கீட்டில் அவர் ஜேர்மன் குடிமகனுக்குச் சமமாகவே எண்ணப்படுகிறார். டி.எம்.எஸ். என்ற மருத்துவத் தகுதித் தேர்வு இப்போது விருப்பத் தேர்வு. ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் நவம்பரிலும் நடக்கிறது. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அதைக் கணக்கில் எடுக்கின்றன. ஆனால் எவ்வளவு எடுக்கின்றன என்பது ஊருக்கு ஊர் வேறு. ஓரிடம் அபிட்டூருக்கு அதிக எடை கொடுக்கும். இன்னோரிடம் தேர்வுக்குக் கொடுக்கும். வேறோரிடம் தாதியர் பயிற்சியோ அவசர ஊர்திப் பயிற்சியோ முடித்தவருக்கும், ஓராண்டு சமூகத் தொண்டு செய்தவருக்கும் புள்ளி சேர்க்கும்.

கிராம மருத்துவர் ஒதுக்கீடு என்பதும் ஒரு வாசல். வடரைன்-வெஸ்ட்பாலியா மாநிலம் 2019 குளிர்கால அரையாண்டில் அதை முதலில் தொடங்கியது. பிறகு வேறு மாநிலங்களும் பின்பற்றின. படித்து முடித்துச் சிறப்புப் பயிற்சியும் பெற்றபின், மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் பத்து ஆண்டு வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுத வேண்டும். மீறினால் 250,000 யூரோ வரை தண்டம். இங்கே அபிட்டூர் மட்டும் பேசுவதில்லை. தகுதித் தேர்வும், மருத்துவத் துறையில் பெற்ற அனுபவமும், நேர்முகமும் சேர்ந்து பேசும். நம் சபை மக்களுக்கு இது புதிய யோசனை அல்ல. ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் வேலூரில் தொடங்கிய மருத்துவக் கல்லூரிக்குத் திருச்சபைகள் பிள்ளைகளைப் பரிந்துரைத்து அனுப்பியதும், படித்து முடித்தவர்கள் மிஷன் மருத்துவமனைகளில் சேவை செய்ததும் இதே வழிதான். ஆனால் பதினெட்டு வயதில் கையெழுத்திடும் பத்து ஆண்டு வாக்கு அது. பெற்றோரின் ஆசைக்காகக் கையெழுத்திடக் கூடாது.

பட்டியலை எப்படி நிரப்புவது?

முதலில், பெயரைப் பற்றிய நம் பயத்தை விட்டுவிடுவோம். 1386இல் தொடங்கிய ஹைடல்பேர்க்கானாலும், 1527இல் சீர்திருத்தக் காலத்தில் புரட்டஸ்தாந்து பல்கலைக்கழகமாகவே தொடங்கப்பட்ட மார்பூர்க்கானாலும், மாணவர் இறுதியில் எழுதும் அரசத் தேர்வின் எழுத்து வினாத்தாள் ஒன்றே. மைன்ஸ் நகரிலுள்ள ஒரே நிறுவனம்தான் நாடு முழுவதற்கும் அதைத் தயாரிக்கிறது. பெறும் உரிமமும் ஒன்றே. ஒரு நோயாளியும் வைத்தியரிடம் எந்த ஊரில் படித்தீர்கள் என்று கேட்பதில்லை. ஆய்வுத் துறையில் போக விரும்புபவருக்கு ஊர் முக்கியமாகலாம். மற்றவர்களுக்கு இடம் கிடைப்பதுதான் முக்கியம்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "எது பெரிய பெயர்?" என்பது அல்ல, "என்னிடம் இருப்பதற்கு எங்கே எடை கொடுக்கிறார்கள்?" என்பது. அபிட்டூர் எவ்வளவு, தேர்வில் எவ்வளவு, பயிற்சி உண்டா, தொண்டு செய்ததுண்டா என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தெரிவு விதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். அண்ணன் போன வழி தம்பிக்கு அப்படியே பொருந்தாது. குளிர்கால அரையாண்டுக்கு அந்த ஆண்டே அபிட்டூர் முடிப்பவர்களுக்கு யூலை 15 கடைசி நாள்; முன்பே முடித்தவர்களுக்கு மே 31. இந்தத் திகதியைத் தவறவிட்டால் அரையாண்டு போய்விடும்.

அடுத்து, கற்பிக்கும் முறை. சில இடங்களில் முதல் இரண்டு ஆண்டு அடிப்படை அறிவியல், பிறகு பெரிய இடைத்தேர்வு, அதற்குப் பிறகே நோயாளிகள். பேர்லின் போன்ற சில இடங்களில் தொடக்கத்திலிருந்தே நோயாளிகளோடு சேர்த்துக் கற்பிக்கிறார்கள். வீட்டு வாடகையையும் பாருங்கள். அரச பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் மியூனிக்கில் ஓர் அறைக்குக் கொடுக்கும் பணத்தில் சிறிய ஊர்களில் வாடகையும் கொடுத்துச் சாப்பாட்டையும் பார்க்கலாம். அந்த ஊரில் ஆராதனைக்குப் போக ஒரு சபை இருக்கிறதா என்பதையும் கேட்கலாம். ஆறு ஆண்டு தனியாக இருக்கப்போகும் பிள்ளைக்கு அது சிறிய விடயம் அல்ல.

வெளிநாட்டு வாசலும் உண்டு. புடாபெஸ்ட் செம்மெல்வைஸ் பல்கலைக்கழகத்தில் 1983 முதல் ஜேர்மன் மொழியிலேயே மருத்துவம் கற்பிக்கிறார்கள். வேறு நாடுகளிலும் இப்படி உண்டு. ஆனால் ஆண்டுதோறும் பல ஆயிரம் யூரோ கட்டணம். முகவரின் வாய்ச்சொல்லை நம்பி வீட்டை அடமானம் வைப்பதற்கு முன், இங்குள்ள எல்லா வாசல்களையும் உண்மையில் தட்டிவிட்டோமா என்று குடும்பமாக இருந்து யோசிப்பது நல்லது.

கடைசியாக, தாதியரான நாங்கள் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. மருத்துவ மாணவர் எல்லாரும் முதற் தேர்வுக்கு முன் மூன்று மாதம் மருத்துவமனையில் தாதியர் பணியில் பயிற்சி பெற வேண்டும் என்பது இங்குள்ள விதி. அதை விண்ணப்பிக்கும் முன்பே செய்யலாம். வயதான ஒருவரைக் கழுவி உடைமாற்றுவது, உணவு ஊட்டுவது, இரவில் அழுபவரின் பக்கத்தில் இருப்பது, இறந்தவரின் கண்களை மூடுவது எல்லாம் அந்த மூன்று மாதத்தில் வரும். நாங்கள் வார்டில் பார்த்திருக்கிறோம். 1.0 எடுத்த சிலர் இரண்டாம் வாரத்திலேயே, இது தனக்கல்ல என்று கண்டுகொள்கிறார்கள். அது தோல்வி அல்ல. ஆறு ஆண்டை மிச்சப்படுத்திய அறிவு. 2.3 எடுத்த சிலர் நோயாளியின் கையை விடாமல் நிற்கிறார்கள். அவர்கள் தாதியர் பயிற்சி எடுத்து, அந்த அனுபவத்தோடு மீண்டும் விண்ணப்பித்து மருத்துவராகலாம்; தாதியராகவே நிலைத்தும் இருக்கலாம். 2020 முதல் இந்த நாட்டில் தாதியர் தொழிலையே பட்டப்படிப்பாகக் கற்று உரிமம் பெறவும் சட்டம் வழி செய்திருக்கிறது. வைத்தியர் கிடைக்காதபோது எடுக்கும் இரண்டாம்தர இடம் என்று இதைச் சொல்லாதீர்கள். நோயாளி நள்ளிரவில் மணியை அழுத்தும்போது முதலில் ஓடிவருபவர் தாதியே.

சாமுவேல் தீர்க்கதரிசி ஈசாயின் வீட்டுக்குப் போன கதையை ஞாயிறு பாடசாலையில் படித்திருக்கிறோம். ஏழு பிள்ளைகள் அவர் முன்னால் கடந்து போனார்கள். தகப்பன் கூப்பிட நினைக்காத எட்டாவது பிள்ளை ஆட்டு மந்தையோடு வெளியே நின்றான். அளவுகோலைப் பிடித்தவர் தீர்க்கதரிசியாகவே இருந்தாலும் அவர் பார்வைக்கு ஓர் எல்லை இருந்தது. வெட்டுப்புள்ளிகளை மனிதர் எழுதினார்கள், மனிதரே திருத்தினார்கள், இன்னும் திருத்துவார்கள். 1971இல் நம் பெற்றோரைப் பற்றி அவை சொன்னது உண்மை அல்ல. இன்று நம் பிள்ளைகளைப் பற்றி அவை சொல்வதும் முழு உண்மை அல்ல.

எனவே பெற்றோரே, அடுத்த ஆண்டு அபிட்டூர் எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால், யூலை வரை பொறுக்காமல் இந்த மார்கழி விடுமுறையிலேயே அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் ஒரு மேசையில் இருங்கள். பிள்ளை முதலில் பேசட்டும். மருத்துவம்தானா என்று கேளுங்கள்; ஆம் என்றால், எந்தெந்த ஊர் என்று சேர்ந்து தேடுங்கள். பல்கலைக்கழகத்தில் இப்போது படிக்கும் நம் சபை அண்ணன் அக்காமாரும் தங்களுக்குத் தெரிந்ததைத் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். பட்டியலில் கிறைஃப்ஸ்வால்ட் வந்தால், அது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு, அங்கே போக எந்த ரயில் என்று கேளுங்கள்.